பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு குதிரை லாடம்

2024 செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. விழித்ததும் போர்வையை நான்காக மடித்து வைத்தேன். வெந்நீர் வைத்துக் குடித்தேன். இரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பின்கதவைத் திறந்து வெளியே கையை நீட்டிக் குளிரைப் பார்த்து, ஸ்வெட்டர் வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு உட்கார்ந்து முந்தின நாள் நடந்ததை எழுதினேன். திருச்சியில் என் காலைகள் எப்படியோ, சிட்னியிலும் அப்படியே. திருச்சியில் இந்த வேளைக்குக் காக்கை வரும். இங்கே வெள்ளைக் கொண்டைக் கிளிகள் கூட்டமாக வந்து, யாரோ எவர்சில்வர் பாத்திரங்களை மாடிப்படியில் உருட்டிவிட்டது போலக் கத்தின.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இளமையில் உதவித்தொகை கிடைத்துப் போலந்தில் படித்தவள். பதினேழாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பாதிரியார்கள் செய்த பிரசங்கங்களைத்தான் அன்றிலிருந்து ஆராய்கிறேன். எதில் ஆராய்ச்சி என்று எங்கள் ஊரில் என்னிடம் கேட்டவர்களில், பதிலைக் கேட்டபின் இரண்டாவது கேள்வி கேட்டவர் யாரும் இல்லை. சிட்னியில் அந்தப் பிரசங்கங்களைப் பற்றியே ஒரு கருத்தரங்கு என்று அழைப்பு வந்தபோது, என்னைப் போல் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதே பெரிய சந்தோஷமாக இருந்தது.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை சுகிர்தாவின் மகளுக்குக் கல்யாணம். சுகிர்தா யாழ்ப்பாணத்துக்காரி. சண்டைக் காலத்தில் திருச்சிக்கு வந்து கல்லூரி விடுதியில் என் அறையைப் பகிர்ந்துகொண்டவள். இப்போது சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு, நான் தங்கியிருந்ததும் அங்கேதான். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் துளசி, பிசியோதெரபிஸ்ட். மாப்பிள்ளை மாரெக் லிபோவ்ஸ்கி, சிட்னியின் மேற்கில் பிளாக்டவுனில் பிறந்து வளர்ந்த போலந்துக் குடும்பத்துப் பையன், எலெக்ட்ரீஷியன்.

காலையில் புட்டும் கட்டைச் சம்பலும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுகிர்தா கல்யாணப் பத்திரிகையை என் முன் வைத்தாள். கெட்டி அட்டை, மஞ்சள் ஓரம். மேலே இடதுபுறம் பிள்ளையார். வலதுபுறம், அவருக்குச் சரியான உயரத்தில், ஒரு குதிரை லாடம். லாடத்துக்கு நடுவே சிலுவை. பத்திரிகையைக் கையில் எடுத்தேன்.

“என்னடி இது?”

“நீ அனுப்பின படம்தான். மறந்துபோனியே? பெரியண்ணைக்குக் காட்டின உடனை அவருக்குப் பிடிச்சுப் போட்டுது. கார்ட்டிலை போடு எண்டு அவர்தான் சொன்னவர்.”

மறக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் போனில் சுகிர்தா மாப்பிள்ளையின் குடும்பப் பெயரைச் சொல்லி, உனக்குத் தெரிந்த பெயரா என்று கேட்டாள். போலந்துப் பிரபுக்களின் குடும்பச் சின்னங்களைத் தொகுத்த பெரிய புத்தகம் எப்போதும் என் மேசையில் இருக்கும். புரட்டினேன். அந்தப் பெயரில் ஒரு பிரபுக் குடும்பம் இருந்தது, சின்னம் லாடமும் சிலுவையும். உற்சாகத்தில் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். உற்சாகத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம் என்றால், பிரசங்கம் செய்யும் பாதிரியார் இரண்டு வீட்டுச் சின்னங்களையும் எடுத்து ஒன்றாகப் பின்னிப் பேச வேண்டும். ஒரு வீட்டுக்கு அம்பு, மறு வீட்டுக்குப் பிறைநிலா என்றால், அம்பு எப்படிப் பிறையைச் சேர்கிறது, அதில் தம்பதிக்கு என்ன புத்தி இருக்கிறது என்று ஒரு மணிநேரம் போகும். சிலருக்குப் பிரசங்க மேடையில் மணற்கடிகாரம் வைத்தார்கள். அதைத் திருப்பி வைத்துவிட்டு மேலே பேசியவர்களும் உண்டு.

“அந்தப் பேர்ல ஒரு குடும்பம் இருந்துச்சுன்னுதானே சொன்னேன்? இவங்கதான் அவங்கன்னு சொல்லலையே” என்றேன்.

“அதென்ன பெரிய வித்தியாசம்?” என்றாள் சுகிர்தா, எனக்கு இன்னொரு துண்டு புட்டு வைத்தபடி.

வித்தியாசம் இருந்தது. சுகிர்தாவின் அண்ணன் சிவபாலன், மெல்பர்னில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலில் இந்தச் சம்பந்தத்துக்கு ஒப்பவில்லை. வெள்ளைக்காரர் என்பதற்காக அல்ல. “அவை ஆர் ஆக்கள்? ஒண்டும் தெரியாமல் எப்பிடிக் குடுக்கிறது?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. தகப்பன் இல்லாத பெண்ணை மணவறையில் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அவர். அவர் மறுத்தால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆளில்லை. துளசிக்கும் வேறு ஆள் வேண்டாம். அப்பா போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெல்பர்னிலிருந்து போன் எடுத்து அவளுக்குக் கணக்குப் பாடம் சொன்னவர் மாமா. என் லாடப் படம் வந்து, அவர்கள் பிரபு வம்சம் என்று நம்பிய பிறகுதான் அவர் சம்மதித்திருக்கிறார்.

“சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு பகுதியும் இஞ்சை சாப்பிட வருகினம்” என்றாள் சுகிர்தா. “நீ எழும்பி அந்தச் சின்னத்தைப் பற்றிக் கதைக்க வேணும். உன்ர பாதிரிமார் கதைச்ச மாதிரி. பெரியண்ணை அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். முப்பது வருஷமாகப் படித்ததை யாராவது பேசச் சொல்லிக் கேட்டால் வேறென்ன செய்வது?

புதன்கிழமை கருத்தரங்கு. சிட்னி ரயில்களில் மாடி உண்டு. இருக்கையின் முதுகைப் பிடித்துத் தள்ளினால் அது மறுபுறம் திரும்பிக்கொள்ளும், போகிற திசையைப் பார்த்து உட்காரலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தள்ளிச் சரிசெய்து, பையை மடியில் வைத்து, கட்டுரையை ஒருமுறை வாசித்து முடித்துத் தலை நிமிர்ந்தால் வண்டி பிளாக்டவுனில் நிற்கிறது. நகரத்துக்கு எதிர்த்திசை. இருக்கையைச் சரியாகத் திருப்பிய நான் வண்டியின் திசையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிச் சீருடைப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: “சொன்னேன்ல, இவங்க தப்பு வண்டியில ஏறியிருக்காங்கன்னு.” திருச்சியில் இப்படித் தப்பு பஸ்ஸில் ஏறினால் நான்கு பேர் சேர்ந்து இறக்கிவிடுவார்கள், கண்டக்டர் திட்டவும் செய்வார். இங்கே பந்தயம் கட்டுகிறார்கள்.

எப்படியோ நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கட்டுரையில் இரண்டு பகுதி. முதல் பகுதி, சின்னங்களைப் புகழும் கல்யாணப் பிரசங்கங்கள். இரண்டாவது, அதே மேடையில் நின்று சில பாதிரியார்கள் பிரபுக்களைக் கண்டித்தது. அந்த நாட்டில் குடியானவர்கள் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டவர்கள். வாரத்தில் பல நாட்கள் அவர் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், கேட்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது. பிரபுவின் வீட்டில் சாப்பிட்டு, அவர் கொடுத்த அங்கியை உடுத்தி, முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே, இவர்கள் கண்ணீருக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்று சொல்வது சின்ன வேலை அல்ல. கைதட்டல் நன்றாகவே இருந்தது.

தேநீர் வேளையில், மெல்பர்னிலிருந்து வந்திருந்த போலந்து ஆய்வாளர் ஒருவரிடம் லாடம் அச்சிட்ட பத்திரிகையைப் பெருமையாகக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு இனிமையாகச் சிரித்தார். “பெயரை வைத்துச் சின்னத்தைத் தேடினீர்களா? பிரபுவுக்கு அந்த ஊரின் பெயர் என்றால், அந்த ஊரில் அவர் வயலில் வேலை செய்த பாதிப் பேருக்கும் பிற்பாடு அதே பெயர்தானே. இது உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். கையில் இருந்த கேக்கை அப்படியே தட்டில் வைத்தேன்.

வியாழக்கிழமை, இம்முறை தெரிந்தே, பிளாக்டவுனுக்கு ரயில் ஏறினேன். மாரெக்கின் தகப்பனார் யானுஷ் என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. ஒரு தமிழ்ப் பெண் வாசலில் நின்று அவர் மொழியில் வணக்கம் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, விடாமல் அப்படியே சமையலறை வரை கூட்டிக்கொண்டு போனார். அவர் பேசியதெல்லாம் போலிஷ். எனக்கு அது காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

“உட்காருங்க, உட்காருங்க. பொண்டாட்டி வேலைக்குப் போயிட்டா. நான் சமைச்சதுதான். செத்துப்போக மாட்டீங்க.”

பீட்ரூட் சூப், பிறகு பியரோகி. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் உள்ளே வைத்து மடித்து வேகவைத்த கொழுக்கட்டை என்றால் நம் ஆட்களுக்குப் புரியும். ஓரத்தைச் சோழி போல் மடித்திருந்தார். எங்கள் வீட்டுப் பிடிகொழுக்கட்டைக்கு இந்த அலங்காரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் நான் எதிர்த்திசையில் பிளாக்டவுன் வந்த கதையைச் சொன்னேன். “அப்பவே இறங்கி வந்திருக்கலாமே, ஒரு நாள் முன்னாடியே சாப்பாடு ஆயிருக்கும்” என்றார்.

ஃப்ரிட்ஜ் கதவில் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருந்தது. அவரே அதைக் காட்டினார்.

“யானைச் சாமி அருமையா இருக்கார். லாடமும் நல்லது, அதிர்ஷ்டத்துக்கு. இந்த ஊர்ல கல்யாணத்துக்கு லாடம் குடுப்பாங்க. அதுக்குள்ள எங்களுக்காக ஒரு சிலுவையும் வச்சிருக்காங்க பாருங்க. நல்ல மனசு.”

நான் சூப்பைப் பார்த்துக்கொண்டு, அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். பிரபுக் குடும்பமா என்று கேட்க வாய் வரவில்லை, பூர்வீகம் என்றேன்.

“பூர்வீகமா! அந்தப் பேர் எங்களுக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? ஊர்ப் பேர். ஊர் பிரபுவோடது. பிரபுவுக்கும் அந்தப் பேர், அவர் வயல்ல குனிஞ்சு கிடந்த எங்களுக்கும் அந்தப் பேர். எங்க தாத்தா அந்த மாளிகை வாசலைத் தாண்டறப்போ காறித் துப்பிட்டுத்தான் போவாராம். மாளிகை இடிஞ்ச பிறகும் துப்புவாராம். பழக்கம்.” கரண்டியை நீட்டி என்னைச் சுட்டினார். “எவனாவது என்னைப் பிரபுன்னு கூப்பிட்டா, நான் எழுந்து போயிடுவேன். ஆமா. இன்னும் நாலு வச்சுக்கோங்க.”

வைத்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை துளசி காரில் என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். சிவபாலன் அண்ணரும் அவர் மனைவியும் மெல்பர்னிலிருந்து வந்து இறங்கினார்கள். அண்ணருக்கு நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. என்னைப் பார்த்ததும், “நீங்கள்தானே புரொபசர்? வாங்கோ, வாங்கோ. உங்களாலைதான் இந்தக் கலியாணம் நடக்குது” என்றார். நான் அவர் பெட்டியை வாங்கி இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

வழியில் ஹோம்புஷில் நிறுத்தி மசாலா தோசை சாப்பிட்டோம். பரிமாறிய பையன் கோயம்புத்தூர்க்காரன், சட்னி ஊற்றும்போதே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டான். மெல்பர்ன் தோசையா சிட்னி தோசையா என்று மாமாவும் துளசியும் சண்டை போட்டார்கள்.

“மெல்பேணிலை இதைவிட மெல்லிசு.”

“மாமா, நீங்க மெல்பர்ன்ல வெளியிலை சாப்பிடவே மாட்டீங்க. எப்பிடித் தெரியும்?”

“மணத்திலையே தெரியும்.”

அவள் தோளில் தட்டிச் சிரித்தாள். அவர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு லாடத்தைப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சுகிர்தாவைச் சமையலறையில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறுமட்டும் வாயைத் திறவாத, அமலா.”

“நாளைக்கு நான் பேசணும்னு நீதான் சொன்னே. லாடத்தைப் புகழ்ந்தா யானுஷ் எழுந்து போயிடுவார். உண்மையைச் சொன்னா உங்க அண்ணன் போயிடுவார்.”

“அப்ப காச்சல் எண்டு சொல்லிப்போட்டுப் படு.”

“அன்ரிக்கு ஃபீவர் இல்லை” என்றது ஒரு குரல். சமையலறை வாசலில் துளசி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “அம்மா, மாமாக்கு நீங்க இப்பிடிச் சொல்லி வச்சிருக்கிறது எனக்குத் தெரியாது. நான் லாடம் சும்மா குட் லக் எண்டுதான் நினைச்சன். மாரெக்கும் அப்பிடித்தான்.”

“உனக்காகத்தானே பிள்ளை.”

“தெரியும்மா. ஆனா மாமா வேற ஆருக்கோ என்னைக் குடுக்கப் போறார். இல்லாத ஒரு பிரின்ஸுக்கு. அது எனக்கு ஓகே இல்லை.” என் பக்கம் திரும்பினாள். “அன்ரி, நாளைக்குச் சொல்லுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு மாமா வந்தா வரட்டும்.”

“வராட்டி?” என்றாள் சுகிர்தா.

துளசி துருவிய தேங்காயில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். வீட்டுக்குப் பின்புறம் நீள மேசைகளைப் போட்டுப் பக்கத்து வீடுகளில் நாற்காலிகள் வாங்கி அடுக்கினோம். கல்யாண வீடு என்பதால் மரக்கறிச் சாப்பாடு மட்டும். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயத்தங்காய், சொதி, வடை. யானுஷ் இரண்டு பெரிய தட்டு நிறையப் பியரோகி கொண்டுவந்தார், அதோடு காளான் போட்ட புளித்த முட்டைக்கோஸ். சுகிர்தாவின் உறவுக்காரர்கள் பியரோகியைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். யானுஷின் மனைவி வடையின் ஓட்டைக்குள் விரலை விட்டு, “இதைச் செய்தவர் எங்கே இந்த நடுப்பகுதியை ஒளித்து வைத்திருக்கிறார்?” என்று கேட்டுக் கொண்டாட்டமாகச் சிரித்தார். சிவபாலன் அண்ணர் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, “புரொபசர், பத்து நிமிசம் காணும். சாப்பாடு ஆறிப்போகும்” என்றார்.

எழுந்தேன். கைதட்டினார்கள். அடுத்தவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு முன்னால் பேசுவது எப்படி இருக்கும் என்று அன்றுவரை படித்துத்தான் தெரியும்.

பத்திரிகையை உயர்த்திக் காட்டி ஆங்கிலத்தில் தொடங்கினேன். அந்தக் காலப் பிரசங்கிகளின் முறைப்படியே, இந்தச் சின்னம் என்ன என்று கேட்டேன். லாடம். லாடம் யாருடையது? குதிரைமேல் ஏறி உட்கார்ந்தவருடையது என்று அவர் கோட்டைக் கதவில் வரைந்துகொண்டார். ஆனால் அதை அடித்தவர் கொல்லர். அதைப் போட்டுக்கொண்டு ஓடியது குதிரை. அந்தக் குதிரைக்குத் தீனி விளைவித்தவர்கள் வயலில் இருந்தார்கள். இந்தப் படத்தை நான்தான் அனுப்பினேன், பெயரை மட்டும் பார்த்து அனுப்பியது என் தவறு. மாரெக்கின் முன்னோர் இந்தச் சின்னத்தை வைத்திருந்தவர்கள் அல்ல, அவர்களுடைய வயலில் கட்டுண்டு உழைத்தவர்கள். பிரபுக்களைப் பார்த்து, இவர்களை ஏன் இப்படி வதைக்கிறீர்கள் என்று பிரசங்கிகள் சிலர் கேட்டார்களே, அந்தக் கேள்வி இவர்களைப் பற்றியது. நாளை துளசி கைப்பிடிக்கப்போவது இவர்கள் வீட்டுப் பிள்ளையை.

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மணற்கடிகாரம் பாதிகூடக் காலியாகியிருக்காது.

முதலில் வெடித்தது யானுஷின் சிரிப்பு. “லாடம் பிரபுவோடதா! ஃப்ரிட்ஜுல மூணு மாசமா ஒட்டி வச்சிருக்கேனே! தாத்தா, என்னை மன்னிச்சுக்கோ!” கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மாரெக்கின் முதுகில் அடித்தார். போலந்துப் பக்கம் முழுவதும் சிரித்தது. தமிழ்ப் பக்கத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சிவபாலன் அண்ணரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அவரிட்டைக் கேளுங்கோ, என்ன பயிர் செய்தவை எண்டு.”

இரண்டு பேரும் நாற்பது வருஷமாக இந்த நாட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆனால் அண்ணர் தமிழில் கேட்கிறார். நான் அதைப் போலிஷில் மாற்றிச் சொன்னேன். யானுஷ் நிமிர்ந்து உட்கார்ந்து, போலிஷில் பதில் சொன்னார். நடுவில் நான்.

“கோதுமை மாதிரி ஒண்ணு, கறுப்பு ரொட்டி சுடற தானியம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அப்பா காலத்துல புகையிலை.”

“போயிலையோ?” சிவபாலன் அண்ணரின் நாற்காலி முன்னால் நகர்ந்தது. “உண்மையாவோ? எங்கட ஐயாவும் போயிலைதான். அதுக்கு எவ்வளவு பாடுபட வேணும் எண்டு தெரியுமே இவருக்கு? கமக்காரர் எண்டு சொல்லுங்கோவன்! பிரபு எண்டு சொல்லி என்னைப் பயப்பிடுத்திப் போட்டியள். ராசா வீட்டோடை எங்களுக்கென்ன கதை? இவை எங்கட ஆக்கள்!”

சுகிர்தா பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. யாழ்ப்பாணத்தில் கமக்காரர், அதாவது நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்கள்தான் சாதியில் மேலே. என் பாவப்பட்ட குடியானவர்கள் ஒரு நொடியில் பிரபுக்களுக்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். வடைத் தட்டு மறுபடி நகரத் தொடங்கியது. அதோடு விட்டிருக்கலாம்.

“என்ன சொல்றார்?” என்று யானுஷ் கேட்டார்.

சொன்னேன். நீங்களும் தங்களைப் போலவே நிலத்துக்காரர்கள் என்கிறார், அதில் அவருக்கு மிகவும் மகிழ்ச்சி என்றேன்.

யானுஷ் தலையை ஆட்டினார். சிரிப்பு போகவில்லை, ஆனால் குரல் மாறியிருந்தது. “இல்லன்னு சொல்லுங்க. ரொம்பக் காலம் நிலம் எங்ககிட்ட இல்ல. நாங்கதான் நிலத்துகிட்ட இருந்தோம். பிரபு வயலை வித்தா, எங்களையும் சேர்த்துத்தான் வித்தார்.”

தமிழில் இதை எவ்வளவோ மென்மையாகச் சொல்ல முடியும். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சுகிர்தாவின் கண்கள் கெஞ்சின. துளசி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாரெக்கின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

சிவபாலன் அண்ணர் தட்டில் மீந்திருந்த சோற்றை விரலால் ஓர் ஓரமாக ஒதுக்கினார்.

“எங்கட தோட்டத்திலையும் அப்பிடி ஆக்கள் இருந்தவை” என்றார். கடைசியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. “போயிலைக்கு ஓலைப் பட்டையாலை தண்ணி இறைச்சது அவைதான். குடிக்கக் கிணத்திலை அள்ள விடேல்லை நாங்கள். சிரட்டையிலை ஊத்துவம்.” யானுஷைப் பார்த்தார். “இதையும் அவருக்குச் சொல்லுங்கோ.”

சொன்னேன். சிரட்டைக்குப் போலிஷில் சொல் இல்லை, தேங்காய் ஓடு என்று விளக்க வேண்டியிருந்தது. யானுஷ் கவனமாகக் கேட்டார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, பியரோகித் தட்டை சிவபாலன் அண்ணருக்கு முன்னால் வைத்தார்.

“ஆறிப்போகுதுன்னு சொல்லுங்க.”

மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அண்ணர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். மறுபடி ஒன்றை எடுத்தார். மேசை முழுவதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு இவர் வேட்டிதானே கட்டிக்கொண்டு வரவேணும்? கட்டத் தெரியுமோ?” என்றார்.

“மாரெக்கின்ர டாட் யூட்யூப் பாத்து ப்ராக்டிஸ் பண்ணினவர்” என்றாள் துளசி. “ரெண்டு தரம் கழண்டு விழுந்திட்டுது.”

“யூட்யூப்பிலை பாத்து வேட்டி கட்டுறதோ! நாசமாப் போச்சு. விடிய நான் வாறன் எண்டு சொல்லு.”

துளசி எழுந்து ஓடிப்போய் மாமாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். “விடு பிள்ளை, கறி ஊத்துப்படப்போகுது” என்று அவர் கத்தினார். சுகிர்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியாமல் சொதிச் சட்டியோடு நின்றாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆண்களும் புகையிலையை எந்த மாதம் நட வேண்டும், எந்தப் பூச்சி தின்னும் என்று ஆங்கிலத்தில் வாதாடத் தொடங்கிவிட்டார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பாமல். எனக்கு வேலை போய்விட்டது. உட்கார்ந்து ஆறிப்போன பருப்பும் பியரோகியும் சேர்த்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, செய்முறையில் குறித்துக்கொள்ள வேண்டிய சேர்க்கை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக, துளசி அலங்காரத்துக்கு உட்காரும் முன்பே, சிவபாலன் அண்ணர் துளசியின் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு பிளாக்டவுனுக்கு விட்டார். கையில் பட்டு வேட்டி, ஒரு பெல்ட், ஊசிகள். யானுஷ் வரவேற்பறை நடுவில் சட்டையும் சாக்ஸுமாகக் கைகளை விரித்து நின்றார். “மூச்சை உள்ளை இழுங்கோ, இன்னும் கொஞ்சம்” என்று ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அதட்டியபடி அண்ணர் இடுப்பைச் சுற்றிக் கட்டினார், பெல்ட்டை இறுக்கினார், தள்ளி நின்று பார்த்தார். கரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. முழங்கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே கார்ப்பெட்டில் மண்டியிட்டு, யானுஷின் இரண்டு பாதங்களுக்கும் மேலே அந்தக் கரையைச் சமமாக இழுத்துவிட்டார்.